ராஜகீழ்ப்பாக்கத்தின் நோயில்லாத பாத்தி

பொங்கலுக்கு அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள மூன்று கீரைத் தோட்டங்களுக்கு ஒரே காலையில் போய் வந்தேன். ராஜகீழ்ப்பாக்கம், வண்டலூர், பொழிச்சலூர். பயணம் மொத்தம் 43 கிலோமீட்டர், நடை தனி. செலவு 150 ரூபாய், சிற்றுண்டியும் டீயும் சேர்த்து.

இது சுற்றுலா அல்ல. ஆனாலும் இங்கே எழுதுகிறேன். சென்ற முறை ஏரிக்கரை நடை பற்றி எழுதியபோது, நகரத்துக்குள் இன்னும் பயிர் நிற்கும் இடங்களுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்படித்தான் போக வேண்டும். அல்லது, இப்படிப் போகக்கூடாது. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் காரணம். நான் கீரை இலைகளின் மேல் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறேன். முனைவர் பட்ட ஆய்வு, நான்காவது ஆண்டு. ஓர் இலையின் பரப்பில் பாக்டீரியாக்கள், ஈஸ்ட்கள், பூஞ்சைகள் எல்லாம் நெருக்கியடித்து வாழ்கின்றன. இடத்துக்குச் சண்டை, உணவுக்குச் சண்டை, சில நேரம் உதவி. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இலைக்கு நோய் வருமா, வராதா? இதுதான் என் கேள்வி.

நோய், வெள்ளைத் துரு. அரைக்கீரைக்குப் பனிக்காலத்தில் வரும். இலையின் மேல்பக்கம் மங்கலான மஞ்சள் வட்டம். திருப்பினால் அடியில் கோலமாவு சிந்தியது போல வெள்ளைப் பொட்டுகள். பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை இல்லை. உயிருள்ள இலையில் மட்டும்தான் வளரும். தோட்டக்காரர்கள் வெறுமனே 'பொட்டு' என்கிறார்கள். பொட்டு விழுந்த கீரையை யாரும் வாங்குவதில்லை.

மூன்று தோட்டங்கள், இரண்டு பருவம், ஒவ்வொரு வியாழனும். வண்டலூரில் நோய் கடுமை. பொழிச்சலூரில் நடுத்தரம். ராஜகீழ்ப்பாக்கத்தில் இல்லவே இல்லை. அந்த இலைகளை ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் அழுத்தி எடுத்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு பாக்டீரியா ஏராளமாக முளைத்தது. மற்ற இரண்டு இடங்களிலும் அது குறைவு. நோயைத் தடுப்பது அதுதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நம்பினேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த மஞ்சள்தான். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் போஸ்டர். தலைப்பிலேயே 'காவல்' என்ற சொல்.

என் ஆய்வு நெறியாளர், மேடம், அதிகம் பேச மாட்டார். போஸ்டரின் வரைவைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ராஜகீழ்ப்பாக்கத்துல மட்டும் ஏன் எப்பவும் பத்தரை மணி?"

வழி அப்படி. வழக்கமாக விடியலில் பொழிச்சலூர், எட்டரைக்கு வண்டலூர், கடைசியாக ராஜகீழ்ப்பாக்கம். மற்ற இரண்டு இடங்களில் பனி ஈரத்தோடு இலை எடுக்கிறேன். இங்கே மட்டும் வெயில் ஏறிய பிறகு. ஒருவேளை அந்த மஞ்சள் பாக்டீரியா பெருகியதற்குக் காரணம் காய்ந்த இலையாகவே இருந்துவிட்டால்?

"ஒரு தடவை ரிவர்ஸ்ல போய்ப் பாரு. எதுக்கும் இருக்கட்டும்."

எதுக்கும் இருக்கட்டும். இந்தப் பயணத்தின் காரணம் இவ்வளவுதான்.

அதிகாலை 5.10க்கு மேற்குத் தாம்பரத்தில் என் அறையிலிருந்து கிளம்பினேன். தோளில் பை. கையில் தெர்மோகோல் பெட்டி, உள்ளே உறைந்த ஜெல் பொட்டலங்கள் ஆறு. அவை எட்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் இலைகள் ஆய்வகக் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். ரயில் நிலைய நடைமேம்பாலத்தைக் கடந்து கிழக்குப் பக்கம். 5.25க்கு வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோ. 20 ரூபாய், நாலரைக் கிலோமீட்டர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார்.

"இன்னாக்கா, மீனா?"

"இல்லண்ணா. இலை."

"எலையா? எலைக்கா ஐஸு?"

"ஆமாண்ணா."

கேம்ப் ரோடு தாண்டியதும் மறுபடி.

"எதுனா மருந்து எலையா?"

"கீரை."

"நம்ம வூட்ல கீரைய அப்டியே தரையில போட்டு வெச்சிகீறாங்க. நீ இன்னாடான்னா ஏசி போட்டு கூட்டிகினு போற!"

பின்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலை எனக்கு எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. போஸ்டர் முடிந்துவிட்டது. ஒரு சின்னச் சரிபார்ப்பு, அவ்வளவுதான்.

5.45க்கு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இறங்கினேன். அங்கிருந்து உள்ளே 700 மீட்டர் நடை. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாய்கள் உண்டு, ஆனால் பெட்டியைப் பார்த்துப் பழகியவை. இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருபது சென்ட் நிலம், எட்டுப் பாத்தி. செல்வி அக்காவுடையது. அந்தக் குடியிருப்புகள் நிற்பதும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலத்தில்தான். அக்காவின் கணவர் இப்போது அதில் ஒன்றுக்கு இரவுக் காவலர். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். குரல் பெரிது. இரண்டு வருடத்தில் ஒருநாள் கூட என்னை டீ குடிக்காமல் அனுப்பியதில்லை.

பாத்தி நடுவில் வெளிச்சம் அசைந்தது. யாரோ குந்தி உட்கார்ந்திருந்தார்கள். செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் எதையோ பறித்துக்கொண்டு.

"அக்கா?"

வெளிச்சம் என் முகத்துக்குத் திரும்பியது.

"யாரது... நீயா? அய்யய்யே, இன்னாடி இது, இப்பவே வந்து நிக்கற? பத்தரைக்குதானே வருவ!"

"இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டேன். நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மா. களை."

அருகில் ஒரு கோணிப்பை, பாதி நிரம்பியிருந்தது. நான் என் டார்ச்சை அதற்குள் அடித்தேன். களை இல்லை. அரைக்கீரை இலைகள். வேரோடு பிடுங்கிய செடிகளும் கொஞ்சம். ஓர் இலையை எடுத்துத் திருப்பினேன். கோலமாவு. இன்னொன்று, அதுவும். கையை உள்ளே விட்டு ஆழத்திலிருந்து ஒன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே.

சற்று நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"இதை எல்லா வாரமும் செய்வீங்களா அக்கா?"

"நீ வர அன்னிக்கு மட்டுந்தான். டெய்லி இதையே பண்ணிகினு இருந்தா யாவாரத்த யார் பாக்கறது?"

"ஏன்?"

"ஏன்னு கேக்கறா பாரு! வூட்டுக்கு ஆளுங்க வராங்கன்னா பெருக்காம வெப்பியா நீ?"

அக்கா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீதானே சொன்ன, இந்தச் சுத்துவட்டாரத்துலயே என் பாத்திதான் சுத்தம்னு. போட்டோ புடிச்சுகினு போன. காலேஜ்ல பெரிய திரையில போட்டுக் காட்டினேன், எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்கன்னு வந்து சொன்ன. அதுக்கப்புறம் நான் எப்படி பொட்டோட காட்டறது? எனக்கு வெக்கமா இருக்காதா?"

சொன்னேன்தான். முதல் பருவம், இரண்டாவது வாரம். அப்போது விதைத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. பாத்தி உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. மகிழ்ச்சியில் சொன்னேன். அதோடு ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் போன் செய்து சொல்வேன். நாளைக்கு வரேன் அக்கா. அது மரியாதை என்று நினைத்திருந்தேன். சொல்லாமல் ஒருவர் இடத்துக்குப் போய் நிற்பது சரியில்லை என்றுதான் என்னை வளர்த்தார்கள்.

இரண்டு வருட மரியாதை. இரண்டு வருடமும் வியாழன் விடியலில் ஒருவர் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு என் ஆய்வு முடிவைத் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தப்பு பண்ணிட்டனா?" குரல் இறங்கியிருந்தது.

"நீங்க இல்லக்கா. நான்."

வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மேல்மாடியில் யாரோ மோட்டார் போட்டார்கள். வந்த வேலையைச் செய்தேன். கையுறை, இடுக்கி, இருபது உறைகள். அக்கா இன்னும் தொடாத நான்கு பாத்திகளில் பத்து இலை, தொட்ட நான்கில் பத்து. உறைகளின் மேல் தனித்தனியாக எழுதினேன். 'பறிக்கும் முன்.' 'பறித்த பின்.' அரை இருட்டில் எழுத்து கோணியது. பரவாயில்லை, படிக்க முடிந்தது.

"அக்கா, இந்தக் கோணிய நான் எடுத்துட்டுப் போகவா?"

"குப்பையவா? அதத் தூக்கிகினு பஸ்ல போவியா? ஜனங்க சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கோணியின் வாயை வாழைநாரால் கட்டிக் கொடுத்தார். டீ கொடுக்க மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

7.20க்குச் சந்திப்பில் மாநகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. கோணிக்குக் கேட்பார்களோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. கூட்டம் இருந்தது. 7.55க்குத் தாம்பரம்.

திரும்பிப் போய்விடலாமா என்று நடைமேம்பாலத்தில் நின்று யோசித்தேன். மேலே பத்து நிமிடம். கீழே ஒரு ரயில் வந்து போனது. ஒரு பாத்தியில் இப்படி என்றால் மற்ற இரண்டில்? இது வரை அங்கே போய் இலைகளைக் கேட்டிருக்கிறேன். மனிதர்களைக் கேட்டதில்லை. இன்று கேட்காமல் அறைக்குப் போனால் இனி எப்போதும் கேட்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்தேன். வண்டலூர், 5 ரூபாய்.

8.12 ரயில். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. கோணி காலடியில். எதிரில் இருந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரைக்கீரையாம்மா? கட்டு எவ்ளோ?"

"விக்கறதுக்கு இல்லம்மா. நோய் வந்த கீரை."

"கழுவினா போயிடாது?"

"போகாதும்மா."

"அப்ப யாருக்கு எடுத்துட்டுப் போற?"

நல்ல கேள்வி. பெருங்களத்தூர் வந்தது, போனது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளும் வண்டலூரில்தான் இறங்கினார்; இறங்கும்போது, "பாத்து, யாருக்கும் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டலூரில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்பக்கமாக 1.2 கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு சின்ன ஓட்டலில் பொங்கல் வடை, 60 ரூபாய். பசியில்லை, ஆனால் மதியம் வரை வேறு வாய்ப்பில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கத்தின் குரல் கேட்கும். அன்று கேட்கவில்லை. வீடு கட்டக் காத்திருக்கும் மூன்று காலி மனைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறார் டேவிட் அண்ணன். ஐம்பது வயது. எதற்கும் முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருப்பவர்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். நான் வருவதற்கு முன்னால் நோய் வந்த செடியைப் பிடுங்குவதுண்டா?

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன தங்கச்சி இப்டி கேட்டுட்ட? நீ வர்றதே நோயப் பாக்க. அதை நான் எடுத்துட்டா அப்புறம் நீ என்னத்த பாப்ப? எனக்கு அந்த அளவுக்குக் கூட அறிவில்லையா?"

நிம்மதியாக மூச்சு விட்டேன். அண்ணன் தொடர்ந்தார்.

"போன வாரம் கூட எங்க வீட்டுக்காரி அந்த மூலையப் பிடுங்கிப் போடப் பாத்தா. ஏய், தொடாத, அது தங்கச்சியோட மூலைன்னு ஒரே சத்தம். நீ எப்பவும் அங்கதான எடுப்ப? சாயங்காலம் எல்லாருக்கும் ஒரு வாளின்னா அதுக்கு மட்டும் ரெண்டு வாளி. ஈரம் நின்னா பொட்டு நல்லா வரும்னு நீதான சொன்ன. எப்டி வந்திருக்கு பாரு!"

பார்த்தேன். அற்புதமாக வந்திருந்தது.

இரண்டு வருடமாக என் நோயை ஊற்றி வளர்த்திருக்கிறார். அக்கா எனக்காக நோயை மறைத்தார், அண்ணன் எனக்காக நோயைப் பேணினார். இரண்டு பேரும் எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். அந்த இரண்டு நல்லதையும் வரைபடத்தில் போட்டு, நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒரு மஞ்சள் பாக்டீரியாவின் பெயரை எழுதியிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அண்ணனும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

"அண்ணா, இனிமே ஒரு வாளி போதும்."

"ஏன், போதுமான அளவு நோய் கிடைச்சிடுச்சா?"

"அதிகமாவே."

அன்று மூலையில் இருந்து எடுக்கவில்லை. ஒரு சின்னக் கல்லை எடுத்து, திரும்பி நின்று தோளுக்கு மேல் எறிந்தேன். விழுந்த இடத்தில் இலை எடுத்தேன். இருபது முறை. அண்ணன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "படிச்சவங்க வேலையெல்லாம் இப்டித்தானா?" என்றார். இப்படித்தான் செய்திருக்க வேண்டும் அண்ணா. முதல் நாளிலிருந்தே. பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. பாத்திக்குள் எங்கே எடுப்பது என்பதை என் வசதிக்கு விட்டுவிட்டேன். அந்த மூலை நிழலாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

9.58க்கு வண்டலூரில் ரயில், பல்லாவரத்துக்கு 5 ரூபாய். 10.26க்குப் பல்லாவரம். அங்கிருந்து பம்மல் வழியாகப் பொழிச்சலூருக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய், 4 கிலோமீட்டர். சாலை குறுகல், நெரிசல். அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோணியை ஆட்டோவின் பின்பக்கம் கட்டினார்கள்.

பொழிச்சலூர்த் தோட்டம் விமானங்கள் இறங்கும் பாதைக்கு ஓரமாக இருக்கிறது. விமானம் தாழ வரும்போது பேச்சை நிறுத்த வேண்டும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அங்கே கீரை போடுபவரின் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாகத் தெரியாது. ஒருமுறை கேட்டேன், "எதுக்கு?" என்றார். அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறார். அதுவும் இப்படி: "எலை எடுத்துக்கோ. கால வெச்சு மிதிக்காத." வழக்கமாக அங்கே சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடிவிடுவேன். அவருடைய போன் எண்ணும் என்னிடம் இல்லை.

11.05க்கு நான் நுழைந்தபோது மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். நான் வரேன்னு தெரிஞ்சு பாத்தியில ஏதாவது செய்வீங்களா? நோய் வந்ததைப் பிடுங்கறது, தண்ணி அதிகமா விடறது..."

"இன்னாது?"

விமானம் வந்தது. காத்திருந்தோம். மறுபடி கேட்டேன். இப்போது நிமிர்ந்தார்.

"நீ வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா? உனக்கோசரம் நான் எதுக்கும்மா வேலை பாக்கணும்? எனக்கு இருக்கற பேஜாரு பத்தலியா?"

"நான் எந்தக் கிழமை வருவேன்னு தெரியுமா?"

"நீ எப்ப வந்தா எனக்கின்னா?"

இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த தரவு இதுதான். அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது.

"இன்னாத்துக்கு சிரிக்கற?"

"ஒண்ணுமில்லண்ணா. ரொம்ப நன்றி."

"மிதிக்காம எடு."

மிதிக்காமல் எடுத்தேன். இங்கேயும் கல் எறிந்தேன். ஒரு கல் அவர் பக்கத்தில் விழுந்தது. திட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பி (மறுபடி 20), 12.10க்குப் பல்லாவரம் நடைமேடை. டீ 15 ரூபாய். பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஜெல் இன்னும் பாதி கெட்டியாக இருந்தது. மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கோணி, மூலை, இரண்டு வாளி.

"அப்போ அந்த மஞ்சள்?"

"தெரியலை மேடம். அது நோயைத் தடுக்கலாம். தடுக்காமலும் இருக்கலாம். பறிச்சது போக மிச்சம் இருந்த இலையை மட்டும்தான் பார்த்திருக்கேன்."

"போஸ்டர்?"

"வாபஸ் வாங்கிடறேன்."

"யோசிச்சுச் சொல்லு. டிசம்பரோட உன் உதவித்தொகை முடியுது."

"யோசிச்சுட்டேன் மேடம். இந்தப் பனியில இன்னும் ஆறு வாரம் இருக்கு. அக்டோபர் மழைக்கப்புறம் இன்னொரு பருவம். போதும்."

"போதுமா?"

"போதாது. ஆனா செய்வேன்."

ரயில் அறிவிப்பு வந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேடம் ஏதோ சொன்னார். 'சரி' என்றார் என்று எடுத்துக்கொண்டேன்.

தாம்பரத்துக்கு 5 ரூபாய். 12.50க்கு ஆய்வகம். இலைகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கோணியைத் தரையில் கவிழ்த்தேன். எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணும்போது யோசித்தது. ஓர் இலையில் வாழும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டிருந்தேன். பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை, பூச்சி, பனி, வெயில் கூட. செல்வி அக்காவின் விரல்கள் அதில் இல்லை. டேவிட் அண்ணனின் இரண்டாவது வாளி இல்லை. புதன்கிழமை மாலை போன் இல்லை. நான் வெளியில் நின்று பார்ப்பதாக நினைத்திருந்தேன். பாத்தியில் அதிகம் மாற்றியது நான்தான்.

வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இரவு போஸ்டர் கோப்பை அழிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினேன். 'காவல்' இருந்த இடத்தில் 'வியாழன்'. எனக்கு நினைவிருக்க.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். பனிக்காலம் நல்லது, மார்கழி பாதியிலிருந்து மாசி வரை. காலை ஆறிலிருந்து எட்டு வரை இலையில் ஈரம் இருக்கும், பார்க்க அழகு. மூன்று இடங்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, நான் வேலைக்காக ஓடினேன். ஒன்று மட்டும் என்றால் ராஜகீழ்ப்பாக்கம் போதும். தாம்பரத்திலிருந்து அரை மணி நேரம், வழி எளிது. மழை பெய்த மறுநாள் வேண்டாம், உள் தெருக்களில் தண்ணீர் நிற்கும். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். ஒரு தோட்டத்தில் மிதித்த மண்ணை அதே செருப்போடு அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள், நோய் அப்படியும் பயணம் செய்யும். கேட்காமல் எதையும் பறிக்காதீர்கள். வரும்போது இரண்டு கட்டு வாங்குங்கள். சில்லறை கொண்டு போங்கள். பொழிச்சலூர் அண்ணனிடம் பேர் கேட்காதீர்கள்.

பாத்தியை அதன் மிக நல்ல கோலத்தில் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளபடி பார்க்க வேண்டும் என்றால் சொல்லாதீர்கள். சொல்லாமல் போவது கஷ்டம். எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போது ஞாயிறு தவிர ஆறு கிழமைகளையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு சீட்டு எடுக்கிறேன். முதல் வாரம் திங்கள் வந்தது. போன் கையில் இருந்தது, எண் விரலில் இருந்தது. செய்யவில்லை. 6.40க்குப் போய் நின்றேன்.

செல்வி அக்கா கட்டு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? பாத்தி எப்படி கெடக்கு பாரு. இன்னிக்குன்னு பாத்தா வருவ!"

"இதைப் பாக்கத்தான் அக்கா வந்தேன்."

"இதையா?" முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் சொல்லாமல் வந்தேன் என்று சொன்னேன். இலையில் நோய் இருந்தால் அது அவர் தப்பு இல்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடு என்றேன். இனி பறிக்கும் இலைகளை எறியாமல் கோணியில் போட்டு, என்றைக்குப் பறித்தது என்று ஒரு சீட்டு வைக்க முடியுமா என்று கேட்டேன். அக்கா கீழே போட்ட நாரை எடுத்து மறுபடி கட்டு கட்டப் போனார். நான் கல் எறிந்தேன். குந்தி உட்கார்ந்து இலைகளைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். எல்லாப் பாத்தியிலும் பொட்டு இருந்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தை முதல் முறையாகப் பார்த்தேன்.

மூன்றாவது பாத்தியில் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். அக்கா வந்து என் பக்கத்தில் குந்தினார். சிறிது நேரம் நான் எண்ணுவதைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, நான் தாண்டி வந்திருந்த ஒரு செடியின் கீழ் இலையைத் திருப்பிக் காட்டினார்.

"இத உட்டுட்ட. எழுது."